கடன்காரனின் தத்துவம்

‘அன்றைக்கு அப்படிச் செய்தவன் நான் அல்ல, நான் இப்போது வேறு ஆள்’ என்று சொல்லிக்கொள்வது ஒரு நாகரிகமாகிவிட்டது. சொல்கிறவர் சாதாரணமாகவும் சொல்வதில்லை. கண்ணை லேசாக மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ தபஸிலிருந்து எழுந்து வந்தவர் தோரணையில் சொல்கிறார். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறதாம். ஆற்று ஜலம் மாதிரி மனிதனும் ஓடிக்கொண்டே இருக்கிறானாம். இந்த க்ஷணத்தில் இருப்பவன் அடுத்த க்ஷணத்தில் இல்லையாம். ஆகவே, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனவன் ஒருவன். இன்று திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பவன் வேறொருவன். அவனைக் கேட்கவேண்டிய கேள்வியை இவனிடம் கேட்பது அஞ்ஞானம். அதற்கும் மேலே, மரியாதைக் குறைவு.

இந்தப் பேச்சைக் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். சக எழுத்தாளர்களின் கதைகளில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இப்போது கைபேசியில் இரண்டு நிமிஷத் தத்துவமாக வேறு வருகிறது. பஸ்ஸில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உலகம் மாறுகிறது என்பதை நான் மறுக்க வரவில்லை. அதை மறுக்க நினைக்கிறவன் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடி பார்க்காமல் இருக்கவேண்டும். அந்தப் பெரிய உண்மையைக் கொண்டுபோய் எந்தச் சின்னக் காரியத்துக்கு உபயோகப்படுத்துகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

இந்த ஆசாமிகளிடம் ஒரு விசேஷம் உண்டு. இவர்களுடைய ‘நான்’ எல்லா இடத்திலும் மாறிவிடுவதில்லை. கொடுக்கவேண்டிய இடத்தில் மாறுகிறது. வாங்கவேண்டிய இடத்தில் மலை மாதிரி அசையாமல் நிற்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனையைக் கிரயம் செய்துகொண்டவர், ‘பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் போய்விட்டான், நான் வேறு’ என்று சொல்லி மனையை விட்டுக்கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மத்திய அரசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அங்கே வரிசையில் நிற்கிற தத்துவ ஞானி, பழைய ஆசாமி தாம்தான் என்பதை விரல் ரேகையை வைத்து ஸ்தாபித்துவிட்டு வருகிறார். ‘க்ஷணந்தோறும் அழிந்து அழிந்து பிறக்கிறேன்’ என்று அந்த மேஜைக்கு முன்னால் சொல்லிப் பார்க்கட்டுமே!

பரம்பரை விஷயத்திலும் இதே கணக்குத்தான். தாத்தாவின் நிலம் பேரனுக்கு வருகிறது. தாத்தாவின் பெயரும் தலைப்பெழுத்தாகவோ, குழந்தைக்கு வைத்த பெயராகவோ வருகிறது. அவருடைய ஜாதிப் பெருமையும் குறைவில்லாமல் வருகிறது. அந்த நிலத்தை உழுதவனுக்குத் தாத்தா இழைத்த அநியாயம் மட்டும் தாத்தாவோடு சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. ‘அது அந்தக் காலம், எல்லாம் மாறிவிட்டது.’ மாறிவிட்டதென்றால் நிலம் ஏன் மாறவில்லை?

இது புதிய சரக்கும் அல்ல. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் எபிகார்மஸ் என்று ஒரு நாடகாசிரியர் இருந்தார். அவருடைய நாடகங்கள் முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. துணுக்குகளும், பின்னால் வந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளுமே மிச்சம். அந்தக் குறிப்புகளிலே இந்த ஆசாமி இருக்கிறான். கொடுக்கவேண்டிய பணத்தைக் கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார். இவன் தர்க்கம் பேசுகிறான். கூழாங்கற்களை எண்ணி வைத்திருக்கிறாய்; அதில் ஒன்றைச் சேர்த்தாலோ எடுத்தாலோ பழைய எண்ணிக்கை இருக்குமா? இராது. மனிதனும் தினம் வளர்கிறான், தினம் தேய்கிறான். ஆகையால் பாக்கிப்பட்டவன் வேறு, நான் வேறு. வந்தவர் ஓங்கி ஓர் அறை விடுகிறார். இவன் கூச்சல் போட்டு வழக்குக்குப் போகிறான். அவர் நிதானமாகச் சொல்கிறார்: அடித்தவன் வேறு, இங்கே நிற்கிற நான் வேறு.

(நம் பாஷையில் கடன் வாங்கியவனும் கடன்காரன், கொடுத்துவிட்டு நடையாய் நடக்கிறவனும் கடன்காரன். எபிகார்மஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.)

அது ஹாஸ்ய நாடகம் என்பதைக் கவனிக்கவேண்டும். ஏறக்குறைய 2,500 வருஷத்துக்கு முன்னால் நாடகம் பார்க்க வந்தவன் வயிறு குலுங்கச் சிரித்த வாதத்தை நாம் இன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்கிறோம்.

இக்காலத்து ஆசாமி கூழாங்கல்லை எடுப்பதில்லை, விஞ்ஞானத்தை எடுக்கிறான். ‘ஏழு வருஷத்துக்கு ஒரு முறை உடம்பிலே இருக்கிற அத்தனை அணுவும் மாறிவிடுகிறது, ஸார், அப்புறம் பழைய ஆள் எங்கே?’ இது எத்தனை படித்தவர்கள் வாயில் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. உண்மை என்ன? ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். குடலின் உட்புறத்துத் தோல் சில நாட்களில் புதிதாகிவிடுகிறது. இதுவரைக்கும் சரி. மற்றவை எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு விசித்திரமான வழி கிடைத்தது. 1950-களிலும் 1963 வரையிலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பரீட்சை பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று; பிற்பாடு வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு உயிரணு பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.யில் அந்த வருஷத்துக் காற்றின் கார்பன் பதிந்துவிடுகிறது. ஆக அந்த அணுவின் ஜாதகம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃபிரிசேன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2005 முதல் அந்த ஜாதகத்தை வாசித்துப் பார்த்தார்கள். மூளையின் மேற்புறணியில் உள்ள நரம்பணுக்கள் அந்த மனிதன் பிறந்தபோது வந்தவை, அவனோடு போகிறவை. இருதயத்துத் தசையணுக்கள் 25 வயதில் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுதான் மாறுகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஆயுசு பூராவும் வாழ்ந்தாலும் பிறவி இருதயத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பல்லின் எனாமல் உருவானது உருவானதுதான்.

பல்லும் மூளையும் நிற்கின்றன, ஆகவே பொறுப்பும் நிற்கிறது என்று நான் வாதாடப் போவதில்லை. அது எதிராளியின் வாதத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஆடுவதாகும். பல் விழுந்தவனும் கடனைக் கொடுக்கத்தான் வேண்டும். ஏழு வருஷக் கதை மெய்யாகவே இருந்தாலும் என் வழக்கு கெடாது. பொய்யை விஞ்ஞானம் என்று சொல்லாதீர்கள் என்பதோடு அதை விடுகிறேன்.

விஞ்ஞானம் கைவிட்டால் புத்தரைக் கூப்பிடுகிறார்கள். ‘அநாத்மா என்று பகவான் புத்தரே சொல்லியிருக்கிறாரே!’ சொல்லியிருக்கிறார். நிலையான ஆள் என்று உள்ளே ஒருவனும் இல்லை, நிகழ்ச்சிகளின் தொடர்ச்சிதான் உண்டு என்பது பௌத்தத்தின் அடித்தளம். ஆனால் இந்தச் சித்தாந்தத்தைச் சாக்காக வைத்துத் தப்பப் பார்க்கிறவன் வருவான் என்று பௌத்தர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ‘மிலிந்தனின் கேள்விகள்’ என்ற பாலி நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன் நாகசேனரைத் துருவித் துருவிக் கேட்கிறான். செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவன்தானா, வேறா? அவனும் அல்ல, வேறொருவனும் அல்ல என்கிறார் நாகசேனர். ராத்திரி முழுதும் எரிகிற விளக்கிலே முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல, ஆனால் வேறு விளக்கும் அல்ல. இதோடு நிறுத்தியிருந்தால் கேட்பவன் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான். நாகசேனர் மாந்தோப்புக்கு அழைத்துக்கொண்டு போகிறார். ஒருவன் மாம்பழம் திருடிவிட்டு, ‘தோட்டக்காரர் நட்டது ஒரு மாங்கொட்டையை, நான் எடுத்தது வேறு பழங்களை’ என்று வாதாடினால், ராஜாவே, நீர் விடுவீரா? விடமாட்டேன் என்கிறான் அரசன். இன்னொருவன் ஒரு சிறு பெண்ணுக்குப் பரிசப் பணம் கொடுத்துவிட்டுப் பரதேசம் போகிறான். அவள் வளர்ந்ததும் வேறொருவன் பணம் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டு, நீ பேசியது அந்தக் குழந்தையை, இவள் வேறு என்கிறான். இதையும் அரசன் ஒப்பவில்லை. மாறுதலை இவ்வளவு ஆழமாக நம்பியவர்களே, மாறுதல் கணக்கைத் தீர்த்துவிடாது என்று சொல்ல ஊர்த் திருடனையும் கல்யாணப் பேச்சையும் இழுத்து வந்திருக்கிறார்கள்.

நம் தமிழிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. பௌத்த காவியமான குண்டலகேசி நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. சில பாட்டுக்கள் மட்டும் மிஞ்சின. அவற்றில் ஒன்று பிரசித்தம். சிசு செத்துத்தான் பாலன் வந்தான், பாலன் செத்துத்தான் வாலிபன் வந்தான், தினமும் செத்துக்கொண்டிருக்கிற நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என்று கேட்கிற பாட்டு. நெஞ்சை உலுக்குகிற கேள்வி. ஆனால் அந்தக் காவியத்தின் நாயகி யார்? தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல வந்த புருஷனைத் தானே தள்ளிவிட்டவள். அதன் பிறகு துறவியானாள். அப்படியும் தள்ளியது வேறு யாரோ என்று அவள் கதை சொல்லவில்லை. இந்தக் குண்டலகேசிக்கு மறுப்பாகவே சமணர்கள் நீலகேசியை எழுதினார்கள். சமண முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்திய ஒரு பேய்மகள், ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய் வாதாடுகிற நூல். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் உரையோடு பதிப்பித்தார். சமணர்கள் பௌத்தர்களிடம் விடாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: க்ஷணத்துக்கு க்ஷணம் ஆள் அழிந்தால், வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிக்கிறவன் இன்னொருவனா? இது என்ன நியாயம்? இந்தக் கேள்வியின் உறைப்பு இன்றைக்கும் குறையவில்லை.

பௌத்தர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இல்லை. சாத்தனாரின் மணிமேகலையே ஒரு பதில். மணிபல்லவத்தில் பீடிகையைத் தொழுது தன் பழைய ஜன்மத்தை அறிகிறாள் மணிமேகலை. தன்னைத் துரத்துகிற உதயகுமாரன் அந்த ஜன்மத்துக் கணவன் இராகுலன். அவனை ஒரு நள்ளிரவில் விஞ்சையன் காஞ்சனன் வாளால் வெட்டிச் சாய்க்கிறான். தன் மனைவி காயசண்டிகையின் உருவத்தில் மணிமேகலை இருந்ததால் வந்த வினை. ஏன் இப்படி என்பதைக் கந்திற்பாவை சொல்கிறது. இராகுலனாக இருந்தபோது, முனிவருக்கு உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் இடறி விழுந்து பாத்திரம் உடைந்தது. அதற்காக அவனை வெட்டினான் இராகுலன். உடம்பு போய்விட்டது, பெயர் போய்விட்டது, ஞாபகம்கூடப் போய்விட்டது. அந்தச் சமையற்காரன் போகவில்லை. இந்தக் கதையை நீங்கள் நம்பவேண்டியதில்லை. நானும் ஜன்மாந்தரக் கணக்கை நிரூபித்துவிட முடியும் என்று சொல்லவில்லை. நிலையாமையை முழு மூச்சாக நம்பிய ஒரு கவி, எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். எதுவும் நிற்காது என்று தெரிந்துகொண்ட பெண் அமுதசுரபியை ஏந்திக்கொண்டு பசித்தவர்களிடம் போகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்லி அரசனிடம் கேட்கிறாள். ‘இன்று பசிக்கிறவன் நாளை வேறு ஆள்தானே’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. இவர்கள் மாறுதலையே ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆத்மா நித்தியம், அது வெறும் சாட்சி, தாமரை இலைத் தண்ணீர், எதுவும் ஒட்டாது. ஒருவன் ‘அது நான் இல்லை’ என்கிறான்; மற்றவன் ‘என்னை அது தொடவில்லை’ என்கிறான். சித்தாந்தத்தில் இருவரும் பரம வைரிகள். வீட்டு வாசலில் கடன் கொடுத்தவர் வந்து நின்றால் இருவரும் ஒரே கொல்லைக் கதவு வழியாக வெளியேறுகிறார்கள். சங்கரரையாவது இவர்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் க்ஷணிகவாதத்தைக் கண்டிக்கும்போது அவர் எடுத்துக்கொண்ட ஆயுதம் ஞாபகம். நேற்றுப் பார்த்தவனும் இன்று நினைக்கிறவனும் ஒருவனாக இருந்தாலொழிய நினைவு என்பதே சாத்தியம் இல்லை என்கிறார். அந்த வாதத்தின்படி பார்த்தால், நினைவிருக்கிறவனுக்குத் தப்ப வழியில்லை. நம்மவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தாமரை இலைக்குப் போய்விடுகிறார்கள்.

நினைவே போய்விட்டால்? நியாயமான கேள்வி. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல், 27-ஆம் வயதில், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தார்கள். நோய் தணிந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்காகப் பழகியும், ஒவ்வொரு முறையும் புது மனுஷியாகவே அவர் முன்னால் போய் நின்றார். ஒரு பரீட்சை வைத்தார் அந்த அம்மாள். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தைக் கோட்டுக்குள் வரையவேண்டும். மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது. மூன்றாம் நாளும், இதற்கு முன்னால் தாம் இதை வரைந்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். அவருக்குத் தெரியாததை அவர் கை வைத்துக்கொண்டிருந்தது. கைக்கும் தெரியாததை மில்னரின் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டிருந்தது. 2008-இல் இறக்கும் வரை அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவரை ஒரே ஆளாகவே வைத்துக் காப்பாற்றினார்கள். ‘நான்’ என்பது என் மண்டைக்குள்ளே மட்டும் இருக்கிற சமாசாரம் என்ற எண்ணமே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதில் பாதி என்னைத் தெரிந்தவர்களிடம் அல்லவா இருக்கிறது? கைவிடப்பட்ட மனைவியிடம் ஒரு பங்கு இருக்கிறது. அவளைக் கேட்காமல் ‘அவன் செத்துவிட்டான்’ என்று அறிவிக்க இவருக்கு என்ன அதிகாரம்?

நான் கதை எழுதுகிறவன். இந்த விஷயத்தில் தத்துவப் பேராசிரியர்களைவிட என் வாசகர்களை நம்புகிறவன். தொடர்கதையில் முதல் அத்தியாயத்தில் ஒருவன் தங்கையின் நகையை அடகு வைக்கிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுக்குத் தலை நரைத்துவிட்டது, புத்தி வந்துவிட்டது, ஊருக்குப் பெரிய மனிதன். அவனை நான்தான் அப்படி மாற்றினேன். மாறவில்லை என்றால் நாவலே இல்லை. ஆனாலும் வாசகியிடமிருந்து கடிதம் வருகிறது: ‘அந்த நகை என்ன ஆயிற்று?’ மாறுதலையும் அவள் ரசித்தாள், நகையையும் மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு அவன் மனிதன். இப்போது சில பேர் எழுதுகிற ‘அகவயக்’ கதைகளில் நகையே கிடையாது. கதாநாயகன் ஜன்னல் அருகே நின்று தான் யார் என்று கேட்டுக்கொள்கிறான். மூன்று பக்கம் கழித்து யாருமில்லை என்று தெரிந்துகொள்கிறான். உள் அறையில் மனைவிக்குக் காய்ச்சல். அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்க யாருமில்லை என்பதுதான் அந்தக் கதையில் எனக்குக் கிடைக்கிற ஒரே தத்துவம்.

‘அப்படியானால் திருந்தியவனுக்கு விமோசனமே கிடையாதா?’ என்று கேட்பார்கள். கோர்ட்டு சட்டமே அவ்வளவு கொடுமையானது அல்ல. புரோநோட்டுக் கடன் மூன்று வருஷத்தில் காலாவதியாகிறது. வாங்கினவன் வேறு ஆளாகிவிட்டான் என்பதால் அல்ல; கொடுத்தவன் சும்மா இருந்துவிட்டான் என்பதால். கெடுவுக்குள் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி, வாங்கினவனே கையெழுத்துப் போட்டால் அது மறுபடியும் உயிர் பெறுகிறது. யோக்கியமான மனிதன் அந்தக் கையெழுத்தைப் போடுகிறான். மாறுதலுக்கு அடையாளம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். மாறாதவனுக்குத்தான் அந்தக் கையெழுத்து கஷ்டமாக இருக்கும்.

அங்குலிமாலனைவிட அதிகமாக மாறிய மனிதனைக் கதையிலும் காணமுடியாது. வழிப்போக்கர்களைக் கொன்று விரல்களை மாலையாகக் கட்டிக்கொண்டவன் புத்தரிடம் பிக்ஷுவானான். ஒரு நாள் பிக்ஷைக்குப் போன இடத்தில் ஒரு பெண் பிரசவ வேதனைப்படுவதைக் கண்டு மனம் பொறாமல் வந்து சொல்கிறார். நான் பிறந்தது முதல் தெரிந்து ஒரு உயிரையும் கொன்றதில்லை, அந்தச் சத்தியத்தால் நீ நலம் பெறுவாய் என்று போய்ச் சொல்லும்படி புத்தர் கூறுகிறார். நம் நண்பர்களாக இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார்கள். அங்குலிமாலர் தயங்குகிறார். அது தெரிந்தே சொல்கிற பொய்யாகுமே, நான் அநேகரைக் கொன்றிருக்கிறேனே என்கிறார். அப்புறம்தான் புத்தர் வாக்கியத்தைத் திருத்திக் கொடுக்கிறார்: இந்த ஆரியப் பிறப்பில் பிறந்தது முதல், என்று. புதுப் பிறப்பு உண்டு. பழையதை மறைத்துக்கொண்டு அல்ல.

பின்னொரு நாள் அவர் சாவத்திக்குள் பிக்ஷைக்குப் போனபோது யாரோ எறிந்த மண்ணாங்கட்டியும், கட்டையும், ஓட்டுச் சில்லும் அவர்மேல் வந்து விழுந்தன. மண்டை உடைந்து ரத்தம் ஒழுக, பாத்திரம் உடைந்து, மேலாடை கிழிந்து திரும்பி வந்தார். அப்போது அவர் அரகந்தர்; அடையவேண்டியதை எல்லாம் அடைந்துவிட்டவர். புத்தர் அவரைப் பார்த்து, பொறுத்துக்கொள், நரகத்தில் பல்லாயிரம் வருஷம் கிடந்து அனுபவிக்கவேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய் என்றார். அது வேறு ஆள், நான் வேறு ஆள் என்று அங்குலிமாலர் பதில் சொன்னதாக அந்தச் சூத்திரத்தில் இல்லை.